முப்புரி கண்ட அறிஞர்

திருச்சுழி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்கள் சில. மணல் தெரியும் நாள்களே பல. ஆதலின் மின்பொறி வருமுன் அங்குள்ள உழவர் காளைகளைப் பூட்டிக் கமலையால் கிணற்று நீர் இறைத்தனர். கமலைக்கு இன்றியமையாதவை இரண்டு: ஒன்று வடம், மற்றொன்று சாலின் அடியில் பொருத்திய தோல். மூன்று புரிகளை முறுக்கித் திரித்த வடம் நாள் முழுதும் சுமை தாங்கும். தோலோ, எத்துணை முறை நனைந்து மடங்கினும் எளிதிற் கிழியாது. அவ்வுறுதி தோலுக்கு எங்ஙனம் வாய்த்தது? கண்ணுக்குப் புலப்படாத முப்புரி வடங்கள் தோலினுள்ளும் உள்ளன என்பதே விடை. இதனைக் கண்டு கூறியவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியற் பேராசிரியராய் விளங்கிய ஜி. என். இராமச்சந்திரன் ஆவார்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்திற் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். கணக்கில் இவருக்கிருந்த பற்று அவர் ஊட்டியது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1942இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராய்ச் சேர்ந்தார். ஆனால் அங்கே இயற்பியல் துறையில் சர். சி. வி. இராமன் இருந்தார். காந்தத்தின் அருகே சென்ற இரும்பு நிலைகொள்ளுமோ? இராமச்சந்திரன் துறை மாறி இராமனின் மாணவரானார். 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் இவருக்கு அறிவியல் முதுமுனைவர் பட்டம் வழங்கியது. பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று, வூஸ்டர் என்பாரிடம் எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களை ஆராய்ந்து, 1949இல் அங்கும் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் இவரை இயற்பியல் துறைத் தலைவராக அழைத்தது. அப்போது முப்பது வயதும் நிரம்பாதவர்! சென்னைக்கு வந்த பெர்னால் என்னும் பிரிட்டானிய அறிஞர், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் எவர்க்கும் விளங்கவில்லை என்று இவரிடம் கூறினார். தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றுக்கு உறுதி அளிப்பது அப்புரதமே. ஆராய்வதற்கு நல்ல பொருள் வேண்டுமே! அண்மையில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதனூடே எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்து, உடன் ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவுடன் கணக்கிட்டு, மூன்று இழைகள் சேர்ந்த வடிவத்தை 1954இல் வெளியிட்டார். அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்குண்டவை என அடுத்த ஆண்டு மேலும் திருத்தமாகக் கூறினார்.

புகழ் வந்தது, உடனே மறுப்பும் வந்தது. இங்கிலாந்தில் கிரிக், ரிச் என்னும் இருவர், இம்முறுக்கில் சில அணுக்கள் இருக்கத்தகாத அளவு நெருங்கி நிற்கின்றன என்றனர். எளிய மறுப்பன்று அது. மூன்று புரி என்னும் அடிப்படை நிலைத்தது; எனினும் புரிகளை இணைக்கும் பிணைப்பின் எண்ணிக்கையில் அவ்விருவர் கூற்றே பின்னர் ஏற்கப்பட்டது. மற்றொருவராயின் சொற்போரில் காலம் கழித்திருப்பர். இராமச்சந்திரன் வேறொரு வினாவை எழுப்பினார்: இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அறியப்பட்ட படிகங்களையெல்லாம் துருவி அத்தொலைவுகளைத் திரட்டினார். புரத இழையின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பவல்லது. எவ்வெக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் மோதா என்று, இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் தம் மாணவர்களுடன் கணக்கிட்டு, விடையை ஒரே படத்தில் அடக்கினார். 1963இல் வெளிவந்த அப்படம் 'இராமச்சந்திரன் வரைபடம்' எனப் பெயர் பெற்றது. இன்றும் புதிய புரதம் ஒன்றன் வடிவத்தைக் காண்போர், அது சரியா என்பதை அப்படத்தில் இட்டே சோதிக்கின்றனர். குற்றம் சொன்னவர் இல்லையேல் இவ்வரைபடம் எழுந்திருக்குமோ என்பது ஐயமே.

இனி, இவருடைய பொறியியல் நாட்டமும் கணக்குப் பற்றும் மருத்துவத்திற்குப் பயன்பட்ட வரலாறு. பனையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரைத் திருச்சுழிப் பக்கத்தினர் மதுரைக்குக் கொண்டு செல்வர். மண்டையினுள் குருதி கசிந்துள்ளதா என்று மருத்துவர் அறிதல் வேண்டும். பழைய எக்ஸ் கதிர்ப் படமோ ஒரு நிழல். எலும்பின் நிழல் மூளையை மறைத்துவிடும். ஒரு பக்கத்து நிழலைக் கொண்டு பொருளின் உள்வடிவை அறிய இயலாது. சுற்றிலும் பல திசைகளில் நிழல் எடுத்தால் அறியலாம். ஆனால் அந்நிழல்களை அப்படியே திருப்பிப் பரப்பிச் சேர்த்தால் கலங்கிய படமே கிட்டும். ஃபூரியர் முறையால் அதனைத் தெளிவாக்கலாம். கணக்கோ மிக நீளும். இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் 1971இல் ஒரு குறுக்குவழி கூறினர். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு வாய்பாட்டால் திருத்துக, பிறகு பரப்பிச் சேர்க்க, படம் தெளியும். வானொலி அலைகளால் விண்ணை ஆராய்ந்தோர் இதனையொத்த வழியை 1967இல் கண்டிருந்தனர். உடலின் படத்திற்கும் நுண்ணோக்கிப் படத்திற்கும் அது ஏற்றது எனக் காட்டியது இவ்விருவர் கட்டுரை.

அதே 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டு அமைத்த பொறி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அப்பொறி வேறு கணக்குமுறையைக் கையாண்டது. பின் வந்த பொறிகள் நிழலைத் திருத்திப் பரப்பும் முறையை மேற்கொண்டன. 1979இல் ஹவுன்ஸ்பீல்டும் கார்மக்கும் நோபெல் பரிசு பெற்றனர். இராமச்சந்திரனுக்கு அப்பரிசு எத்துறையிலும் கிட்டவில்லை. இலண்டன் இராயல் கழகம் 1977இல் இவரை உறுப்பினராக்கியது; 1999இல் படிகவியலார் எவால்டு பரிசு அளித்தனர். 2001ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் இவர் மறைந்தார். நிழலைத் திருத்தும் அவ்வாய்பாட்டைப் பொறியாளர் இன்றும், ஆசிரியர் பெயரின் முற்பகுதியையும் மாணவர் பெயரின் முற்பகுதியையும் சேர்த்து, 'ராம்-லாக் வடிப்பான்' என்றே வழங்குகின்றனர்.