ஐம்பது முறை எழுதினால் ‘பொருள்’ சரியாகுமா?

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்ப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பாள். டிக்டேஷனில் மட்டும் ‘பொருல்’, ‘முயற்ச்சி’, ‘வாழ்கை’ என்று எழுதிவிடுகிறாள். தப்பான சொல்லை ஐம்பது முறை எழுதிவரச் சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்கு ஃபோனிக்ஸ் இருப்பதுபோல் தமிழுக்கும் ஒலியை வைத்தே எழுத்தைச் சொல்லித்தர முடியாதா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: பிழைகளை அப்படியே எழுதி அனுப்பியதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எங்கே சிக்கல் என்று அவையே காட்டிக்கொடுக்கின்றன.

தமிழைச் சொல்கிறபடியே எழுதலாம், உச்சரிப்பு சரியாக இருந்தால் பிழையே வராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வாசிப்புக்கு இது ஏறக்குறையச் சரி. எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரிந்துவிடும். உங்கள் மகள் சரளமாக வாசிப்பது அதனால்தான். எழுதும்போதோ ஒலியைக் கேட்டு எழுத்தைத் தேட வேண்டும். இன்றைய பேச்சில் ந, ன இரண்டும் ஒரே ஒலி. ர, ற இரண்டும் பெரும்பாலோர் வாயில் ஒன்றுதான். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லும் வீடுகள் குறைவு. ஆகவே ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தின் ஒலியை ஒட்டிக் கற்பிக்கும் முறை, தமிழ் வாசிக்க நன்றாக உதவும். பிழையின்றி எழுதுவதற்குப் பாதி தூரம்தான் வரும்.

அதற்குமேல் போக விதிகள் உண்டு. ட், ற் என்ற மெய்களை அடுத்து இன்னொரு ஒற்று வராது: முயற்சி, பயிற்சி, கட்சி, காட்சி. ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் ஒற்று வரலாம்: வாய்ப்பு, பார்த்தான், வாழ்க்கை. இப்படி இரண்டு மெய் அடுத்தடுத்து நிற்பதை ஈரொற்று மயக்கம் என்பார்கள். இங்கே காதும் கைகொடுக்கும். ‘வாழ்க’, ‘வாழ்க்கை’ இரண்டையும் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள்; இரண்டாவதில் ககரம் வல்லென்று ஒலிப்பது அவளுக்கே கேட்கும். ணகர, னகர, நகரக் குழப்பத்துக்கும் வழி உண்டு: ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன், த-வுக்கு முன் ந். வண்டி, பன்றி, பந்து.

இனி ‘பொருல்’. ல, ள விஷயத்தில் காதை நம்ப முடியாது. ஆனால் சொல் வேறு சொல்லோடு சேரும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். ‘பொருட்காட்சி’ என்று சொல்லிப் பார்க்கட்டும்: ள் இருந்த இடத்தில் ட் வந்து நிற்கிறது. ‘கடற்கரை’யில் ல் இருந்த இடத்தில் ற். நாட்காட்டி என்பதால் நாள்; முட்செடி என்பதால் முள்; பற்பசை என்பதால் பல். ல-வையும் ள-வையும் குழப்பும் காது, ட-வையும் ற-வையும் குழப்பாது.

வினைச்சொல்லை இறந்தகாலத்துக்கு மாற்றினாலும் இதே தடயம் கிடைக்கும். உருண்டது என்றால் உருள், திரண்டார்கள் என்றால் திரள். வென்றான் என்றால் வெல், பயின்றாள் என்றால் பயில். கொண்டான், கொன்றான் என்று சொன்னவுடனே கொள், கொல் இரண்டும் பிரிந்துவிடும். ழ் இருந்தால் ‘ந்த’ வரும்: சூழ்ந்தது, தாழ்ந்தது. தள்ளு, துள்ளு போல உகரத்தில் முடியும் சொற்களுக்கு இந்தச் சோதனை செல்லாது. இலக்கண வகுப்பில் புணர்ச்சி என்ற பெயரில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் இதையே எழுத்துப்பிழைக்கு மருந்தாகச் சொல்லித்தராமல் விடுகிறோமே என்பது என் நெடுநாள் வருத்தம்.

எலி, கிளி, மலை, மழை போன்றவற்றுக்கு எந்த விதியும் உதவாது; மனப்பாடம்தான் வழி. ஆனால் ஐம்பது முறை பார்த்து எழுதுவது மனப்பாடம் ஆகாது. பத்து வரிக்குமேல் கை மட்டும்தான் ஓடும். முதலில் ‘பொ’ எல்லாவற்றையும் வரிசையாகக் கீழே எழுதிவிட்டு, அப்புறம் ‘ரு’, அப்புறம் ‘ள்’ என்று முடிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் அந்தச் சொல்லை ஒரு முறைகூட முழுசாக எழுதியிருக்க மாட்டார்கள்.

நோட்டில் சொல்லைப் பார்க்கட்டும், மூடட்டும், நினைவிலிருந்து எழுதட்டும், திறந்து அவளே சரிபார்க்கட்டும். மறுநாள் ஒரு தடவை, சில நாள் கழித்து ஒரு தடவை கேளுங்கள். நாளைக்கு ஐந்து சொல் தாராளம். ‘பல்லி’யையும் ‘பள்ளி’யையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள், ஒன்று நன்றாகப் படிந்த பிறகு மற்றது.