நெருக்கடிக் காலமும் குடும்பப் பொருளாதாரமும்

அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கையும் மனிதன் அடைய வேண்டிய உறுதிப்பொருள்கள் என ஆன்றோர் வகுத்தனர். அவர்கள் பொருளை இழிவாக எண்ணவில்லை. இல்லறம் நடத்துவதற்கும் அறம் செய்வதற்கும் பொருள் வேண்டும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். பொருளைத் தேடுவது போலவே அதனை அளவறிந்து செலவிடுவதும் ஒரு கல்வியாகும். நாட்டிலே பொருளாதார நெருக்கடி ஏற்படும் காலத்திலேதான் இக்கல்வியின் அருமை உணரப்படுகின்றது.

வரவுக்கும் செலவுக்கும் உள்ள பொருத்தத்தைத் திருவள்ளுவர் எந்த இடத்திலே பேசுகின்றார் என்பது சிந்திக்கத்தக்கது. வலியறிதல் என்னும் 48 ஆவது அதிகாரத்தின் பிற்பகுதியிலே அதனை வைத்துள்ளார். தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் ஆராய்ந்து செயலில் இறங்க வேண்டும் என அரசனுக்குக் கூறும் அதிகாரம் அது. எனவே செலவை அளவோடு வைத்திருப்பது உலோபித்தனம் அன்று. அது தன் வலிமையைத் தான் அறிந்திருத்தலாகும். ஒரு நாட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒரு வீட்டுக்கும் பொருந்தும்.

2022 ஆம் ஆண்டு தந்த பாடம்

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை அரசு தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டெம்பர் மாதத்தில் பணவீக்கம் 69.8 சதவீதமாகவும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாகவும் உயர்ந்தன. எளிமையாகக் கூறின், முதல் வருடம் 1,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருள்களுக்கு அடுத்த வருடம் ஏறத்தாழ 1,950 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. நீரிறைக்கும் இயந்திரத்தை நம்பிய தோட்டக்காரரும், வெளியிணைப்பு இயந்திரப் படகை நம்பிய கடற்றொழிலாளரும் இதனாற் பட்ட துன்பம் கொஞ்சமன்று.

உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் அந்த ஆண்டிலே செய்த மதிப்பீட்டின்படி சுமார் 63 இலட்சம் மக்கள் போதிய உணவுக்கு உறுதியற்ற நிலையில் இருந்தனர். பல வீடுகளிலே பாலும் முட்டையும் மீனும் குறைந்தன. சில வீடுகளிலே ஒரு வேளை உணவே நின்றது. ஆனால் அதே காலத்திலே கடன்பட்டுச் செய்யப்பட்ட மண்டபக் கொண்டாட்டங்களும் நின்றுவிடவில்லை. இங்கேதான் ஆராய வேண்டிய விடயம் உள்ளது. நெருக்கடி வரும்போது மனிதர் பெரும்பாலும் பிறர் கண்ணுக்குத் தெரியாத செலவையே முதலில் குறைக்கின்றனர்; ஊரார் கண்ணுக்குத் தெரியும் செலவைக் கடைசிவரை காப்பாற்றுகின்றனர். பிள்ளையின் கோப்பையிலே குறைவதை எவரும் காண்பதில்லை. மண்டபத்து அலங்காரம் குறைந்தால் எல்லோரும் காண்பர். இந்த ஒழுங்கை மாற்றியமைப்பதே உண்மையான சிக்கனமாகும்.

வெட்டக்கூடியதும் வெட்டக்கூடாததும்

இதற்கு முதற்படி கணக்கு எழுதுதல். 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். நாள்தோறும் செலவான ஒவ்வொரு ரூபாவையும் மூன்று மாதங்களுக்கு எழுதி, அவற்றை மூன்று நிரல்களாகப் பிரித்தல் வேண்டும்.

முதலாவது நிரல், உயிருக்கும் எதிர்காலத்துக்கும் வேண்டியவை. பிள்ளைகளின் உணவு, படிப்பு, நோயாளியின் மருந்து, தொழிலுக்கு வேண்டிய கருவிகள் என்பன இதில் அடங்கும். இவற்றிலே கை வைத்தல் ஆகாது. இன்று நீரிழிவு மருந்தை மிச்சம் பிடித்தவர் நாளை வைத்தியசாலையிலே பல மடங்கு செலவிட நேரும்.

இரண்டாவது நிரல், பிற்போடக்கூடியவை. வீட்டுக்கு வர்ணம் பூசுதல், மதில் எழுப்புதல், புதிய கைத்தொலைபேசி, பழுதுபார்க்கக்கூடிய பொருளுக்குப் பதில் புதிது வாங்குதல் முதலியன. இவை வேண்டாதவை அல்ல, ஆனால் காத்திருக்கக்கூடியவை.

மூன்றாவது நிரல், ஊருக்காகச் செய்பவை. பிறந்தநாள் விழா, வீடியோ, பல வகைப் பலகாரங்கள், பட்டாசு, ஒரு நாளுக்கு மட்டும் உடுத்தும் விலையுயர்ந்த ஆடை முதலியன. முதலில் வெட்டப்பட வேண்டிய நிரல் இதுவேயாகும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு குடும்பம் பூப்புனித நீராட்டு விழாவுக்காக நகைகளை அடைவு வைத்து 3 இலட்சம் ரூபா பெறுகின்றது எனக் கொள்வோம். வட்டி வருடத்துக்கு 18 சதவீதமாயின், ஒரு வருட வட்டி 54,000 ரூபா. மாதத்துக்கு 4,500 ரூபா. ஒரு முட்டையின் விலை 50 ரூபா எனக் கொண்டால் இது 90 முட்டைகளின் விலை. மூன்று பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு முட்டை வீதம் மாதம் முழுவதும் உண்ணக்கூடிய பணம் வட்டியாகவே போய்விடுகின்றது. முதல் அப்படியே இருக்கின்றது. குறித்த காலத்திலே மீட்காவிடின் தாயின் தாலிக்கொடியும் ஏலத்துக்குப் போகலாம். விழா வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. உற்றார் உறவினரோடு வீட்டு முற்றத்திலே பந்தலிட்டுச் செய்தாலும் சடங்கு சடங்குதான்.

வட்டி என்னும் ஓட்டை

வீட்டுக் கூரையிலே ஓட்டை இருக்கையில் தரையைத் துடைத்துக் கொண்டிருப்பதிற் பயனில்லை. குடும்பப் பொருளாதாரத்தின் பெரிய ஓட்டை வட்டியாகும். கடன் தருபவர் கூறும் வட்டி வீதமும் உண்மையிலே கட்டும் வட்டியும் ஒன்றாக இருப்பதில்லை என்பதைப் பலர் அறியார்.

ஒரு இலட்சம் ரூபா கடன், 24 சதவீத வட்டி, 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் முழு வருடத்துக்கும் வட்டி கணக்கிட்டால் மொத்தம் 1,24,000 ரூபா. மாதத் தவணை ஏறத்தாழ 10,333 ரூபா. ஆனால் கடன்பட்டவர் ஒவ்வொரு மாதமும் முதலின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து வருகின்றார். வருடம் முழுவதும் அவர் கையிலே சராசரியாக இருந்த பணம் சுமார் 54,000 ரூபா மட்டுமே. அதற்கு 24,000 ரூபா வட்டியெனின் உண்மை வீதம் 40 சதவீதத்துக்கும் மேலாகும். ஆகையால் கடன் பத்திரத்திலே கையொப்பமிட முன்னர், "வட்டி குறையும் நிலுவைக்கா, முழுத் தொகைக்கா?" என்று கேட்டறிதல் அவசியம். வாரத் தவணைக் கடன்களைப் பெறும் தாய்மார் இதனைக் குறிப்பாகக் கவனித்தல் வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் பெறுவது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்.

இதிலிருந்து இன்னோர் உண்மையும் பெறப்படும். 24 சதவீத வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு, வங்கியிலே 10 சதவீத வட்டிக்குப் பணம் வைத்திருப்பவர் தன்னை அறியாமலே நட்டப்படுகின்றார். அவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த முதலீடு தன் கடனை அடைத்தலேயாகும். அதனிலும் கூடிய வருமானத்தை ஆபத்தின்றித் தரும் முதலீடு கிடைப்பது அரிது.

நெருக்கடியிலும் வாய்ப்பு உண்டு

எல்லா நெருக்கடியும் எல்லோருக்கும் நட்டத்தையே தருவதில்லை. 1970 தொடக்கம் 1977 வரையான காலத்திலே இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஆனால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி தடைப்பட்டதனால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நல்ல விலை பெற்றனர். 1977 இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்து இறக்குமதி பெருகியபோது அந்த விலை வீழ்ந்தது. நல்ல காலத்திலே கிடைத்ததைச் சேமித்து வைத்தவருக்கு அவ்வீழ்ச்சியைத் தாங்குவது எளிதாயிற்று. கிடைத்ததையெல்லாம் செலவு செய்தவருக்கு அது பேரிடியாயிற்று. வாய்ப்பும் நிலையானதன்று என்பதே இதிலுள்ள பாடம்.

1990 இன் பின் பொருளாதாரத் தடைக் காலத்திலே வடக்கு மக்கள் சிறிதளவு மண்ணெண்ணெயும் ஒரு திரியும் கொண்ட ஜாம் போத்தல் விளக்கிலே வாழ்ந்தனர்; அவ்வெளிச்சத்திலே பிள்ளைகள் படித்துப் பல்கலைக்கழகம் சென்றனர். எல்லாவற்றையும் குறைத்த அக்காலத்திலும் பிள்ளைகளின் படிப்பைக் குறைக்காத பெற்றோர் பலர் இருந்தனர். எதை வெட்டுவது, எதைக் காப்பது என்பதை அவர்கள் எவரும் சொல்லிக்கொடாமலே அறிந்திருந்தனர்.

2022 இலும் வாய்ப்புகள் இருந்தன. அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அவ்வாண்டு ஜூன் மாதத்திலே அமைச்சரவை அனுமதித்தது. முருங்கை, வாழை, மரவள்ளி, பொன்னாங்காணி, கத்தரி, பச்சைமிளகாய் ஆகியன கிணற்றடியிலே வளரக்கூடியவை. பத்துக் கோழி வளர்க்கும் வீட்டிலே பிள்ளைக்கு முட்டை குறைவதில்லை. தையல், சைக்கிள் திருத்தம், மோட்டர் திருத்தம் அறிந்தவருக்கு நெருக்கடிக் காலத்திலேதான் வேலை கூடுகின்றது. புதிது வாங்க முடியாதவர் பழையதைத் திருத்தவே முயல்வர்.

கையிலே சிறிது சேமிப்பு இருந்தவருக்கும் ஒரு வாய்ப்பு ஏற்பட்டது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஆண்டின் இறுதியளவில் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தை அண்மித்தும் சில வேளைகளில் அதைத் தாண்டியும் சென்றது. அப்போது ஒரு வருடத்துக்கு முதலிட்டவருக்கு நன்மை கிட்டியது; ஏனெனில் 2023 டிசெம்பரில் பணவீக்கம் 4 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தக் கையிலே பணம் இருந்திருக்க வேண்டும். மூன்று மாதச் செலவுக்குப் போதிய பணத்தை எப்போதும் ஒதுக்கி வைத்தல் வேண்டும் என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே. அப்பணம் கெட்ட காலத்திலே கடனைத் தடுக்கும். அதற்கு மேல் மிஞ்சுவது வாய்ப்பு வரும்போது கைகொடுக்கும்.

பேராசை பெருநட்டம்

நெருக்கடிக் காலத்திலே மோசடிக்காரருக்கும் வாய்ப்பு உண்டு. பணம் போட்டால் சில மாதங்களில் இரட்டிப்பாகும், இன்னும் இருவரைச் சேர்த்தால் மேலும் கிடைக்கும் என்பவை பிரமிட் திட்டங்களாகும். இலங்கையின் வங்கிச் சட்டத்தின்படி இவற்றைத் தொடங்குவதும் நடத்துவதும் ஊக்குவிப்பதும் குற்றமாகும். சேர்த்துவிடுபவர் உறவினராயினும் நண்பராயினும் சட்டம் ஒன்றே. பணம் வைப்பிட முன்னர், அந்த நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என விசாரித்தல் வேண்டும். அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கான காப்புறுதி 2021 ஆம் ஆண்டிலே ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை உயர்த்தப்பட்டது. அனுமதியற்ற இடத்திலே கொடுத்த பணத்துக்கு அத்தகைய காப்பு எதுவுமில்லை.

கொண்டாட்டமும் கொடையும்

கோயிற் காரியத்துக்கும் இதே அளவு பொருந்தும். திருவிழா உபயத்தைத் தன் சக்திக்கேற்பச் செய்வது தொண்டு. பக்கத்து உபயகாரரைவிட ஒரு கூட்டம் மேளம் கூடுதலாகப் பிடிக்கக் கடன்படுவது போட்டி. வசதி குறைந்த ஆண்டிலே இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஓர் உபயத்தைச் செய்வதிலே எவ்விதக் குறைவும் இல்லை. மின்விளக்கு அலங்காரத்திலே மிச்சம் பிடித்த பணம் அன்னதானத்துக்கோ, வறிய பிள்ளையின் கொப்பி புத்தகத்துக்கோ சென்றால் அதுவும் கொடையே. ஒரு குடும்பம் ஆடம்பரத்தைக் குறைக்கத் துணிந்தால் அடுத்த குடும்பத்துக்கும் அத்துணிவு வரும். வசதி படைத்தோர் இதனைத் தொடங்கி வைத்தல் நன்று. இல்லாதவர் தொடங்கினால் இல்லாமையென்று ஊர் பேசும், இருப்பவர் தொடங்கினால் அது ஊர் வழக்காகிவிடும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பெரியோர் வாக்கு. அளப்பவர் வறியவர் அல்லர். தம் வலிமையை அறிந்தவர். நெருக்கடி வரும் காலத்தை எவராலும் தடுக்க முடியாது. அது வரும்போது பிள்ளையின் கோப்பையிலே கை வைக்காத குடும்பமாக ஒவ்வொரு குடும்பமும் இருத்தல் இயலும். அதற்கான கொப்பியை நல்ல காலத்திலேயே எழுதத் தொடங்குதல் வேண்டும்.