அப்கிரேட் லைசன்ஸ்: மலிவு விலை யாருக்கு உரித்து?

கடையில் கணனி வைத்திருக்கும் வியாபாரிகளில் பலர், மென்பொருளுக்கு முழு விலை கொடுக்கவேண்டியதில்லை என்பது தெரியாமலேயே கொடுத்துவிடுகின்றனர். வேறு சிலர் மலிவு என்றதும் தமக்கு உரித்தில்லாததை வாங்கிவிடுகின்றனர். இரண்டும் நட்டம்தான்.

அப்கிரேட் லைசன்ஸ் என்பது தனியாக நிற்கும் சரக்கல்ல. பழைய பதிப்பை முறையாக வாங்கி வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் கழிவு அது. 2009 ஒக்டோபரில் விண்டோஸ் 7 வந்தபோது அமெரிக்காவில் ஹோம் பிரீமியம் முழுப் பதிப்பு 199.99 டொலர். எக்ஸ்பி அல்லது விஸ்டா வைத்திருந்தவருக்கு 119.99 டொலர். எக்ஸ்பிகாரர் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகவே பதியவேண்டியிருந்தது; ஆனாலும் குறைந்த விலைக்கு அவர் தகுதியானவர்தான். பதியும் முறை வேறு, உரித்து வேறு. நம்மவர்கள் குழப்பிக்கொள்வது இதைத்தான்.

எனக்குத் தெரிந்த ஹாட்வெயார் கடைக்காரர் ஒருவர் ஐந்து கணனிகளைப் பாகங்களாக வாங்கிப் பூட்டுவித்தார். விண்டோஸ் இல்லாத வெறும் பெட்டிகள். விற்றவர் 'கம்பனிகளுக்கான மொத்த லைசன்ஸ்' என்று ஐந்தைக் கொடுத்தார். மைக்ரோசொப்டின் மொத்த லைசன்ஸில் வரும் டெஸ்க்டொப் விண்டோஸ் அப்கிரேட் மட்டுமே என்பதை அவர் சொல்லவில்லை. அதற்கு அடியில் ஒரு முழு லைசன்ஸ் இருக்கவேண்டும். அதுவும் வர்த்தகர்களுக்கு புரொபெஷனல் வகை, ஹோம் செல்லாது. கணனிகள் நன்றாகவே ஓடின. பிறகு வெளிநாட்டுக் கம்பனியொன்றின் முகவராகச் சேரப்போனபோது லைசன்ஸ் ஆவணங்களைக் கேட்டார்கள். அடிப்படை லைசன்ஸ் ஒன்றுக்கும் இல்லை. ஐந்துக்கும் முழு விலை கொடுத்தே முகவர் உரிமை கிடைத்தது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணனி நிகழ்ச்சித்திட்டங்களைப் பாதுகாக்கிறது என்பதையும் கவனத்திற்கொள்க.

கணனியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் அந்தக் கணனிக்கே கட்டுப்பட்டது. அதன்மேல் அப்கிரேட் போட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே லைசன்ஸ். "பழையதை மருமகனின் கணனியில் போடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது.

ஆகவே பற்றுச்சீட்டு, பெட்டி, டிஸ்க், கணனியில் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஸ்டிக்கர் மங்கிவிடும், படம் எடுத்து வையுங்கள். பில் கேட்டால் "வற் சேரும்" என்று பயமுறுத்துவார்கள். சேரட்டும், கேட்டு வாங்குங்கள்.

பழைய கழிவுகள் பல இன்று இல்லை. ஓபிஸ் 2010உடன் அதன் அப்கிரேட் விலை நின்றது. போட்டோஷொப் சீஎஸ்6 பதிப்பில் (2012) முழு விலை 699 டொலர், அப்கிரேட் 199 டொலர். அதற்குப் பின் வந்தவையெல்லாம் சந்தாதான்.

விண்டோஸில் மட்டும் வழி இன்னும் திறந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. உண்மையான விண்டோஸ் 10 உள்ளவர் 11க்கு இலவசமாக மாறலாம். ஆனால் கணனியில் டீபீஎம் 2.0, 4 ஜீபீ ரெம், 64 ஜீபீ இடம் வேண்டும், புரொசஸரும் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்கவேண்டும். மைக்ரோசொப்டின் 'பீசீ ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருள் இதைச் சொல்லிவிடும். புதிய கணனிக்கோ லைசன்ஸுக்கோ காசு எண்ணுமுன் அதை ஓட்டிப் பாருங்கள். ஹோமிலிருந்து புரோவுக்கு மாறுவதற்கும் தனி அப்கிரேட் உண்டு; முழு புரோ வாங்குவதைவிட அது மலிவு. பில் போடவும் கணக்கு எழுதவும் மட்டுமென்றால் ஹோமே போதும்.