கவலை முதல் கதிரவன் வரை

எருதுகளைப் பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பைக் கொங்குநாட்டார் 'கவலை' என்றனர். பொருத்தமான பெயரே! 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் எருதுகள் மெல்ல இளைப்பாறின. உழவனின் கவலையோ மின்கட்டணமாய் வடிவு மாறிற்று. 1970இல் திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில், கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர் மூவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். உழவர் அனைவர்க்கும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்தது அதற்கு இருபதாண்டுகள் கழித்தே.

இலவச மின்சாரம் இருக்கச் சூரியஒளி மோட்டார் யாருக்கு வேண்டும்? மின்னிணைப்புக்குக் காத்திருந்து, டீசல் எஞ்சினுக்குப் பொருளிழக்கும் சிறு உழவர்க்கே என்போம் நாம். 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் நடுவண் அரசும் மாநில அரசும் மானியம் தருகின்றன. 5 குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுமார் 5 கிலோவாட் தகடுகள் தேவை. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் வரப்பில் நடக்க வேண்டா, பாம்பச்சமும் இல்லை.

ஆயினும் தகடு நீரை மேலேற்றுமேயன்றி ஊற்றைப் பெருக்காது. இறைப்புக்குச் செலவில்லையெனில் எல்லையும் இல்லாமற் போகும். ஆகவே சொட்டுநீர்ப் பாசனத்தோடு இணைத்தே இதனைக் கருதுகிறோம். நொய்யற்கரையின் நிலையோ வேறு. பாசனத்திற்கென 1992இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடப் பணித்தது. அக்கரையில் உப்பேறிய கிணறுகள் பல. அவற்றிற்கு மானியம் கோருமுன் நீரைச் சோதித்தறிதல் நலம்.