நம் ஊர் நல்ல ஊரா? கணக்கைக் கேட்டுப் பார்ப்போம்



“பிள்ளைகள் படிப்புக்காக வேலூருக்கே குடிபோய்விடலாமா?” தறி வேலை மந்தமாகும் போதெல்லாம் தேவிகாபுரத்து வீடுகளில் இந்தப் பேச்சு எழும். “அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது” என்பார் ஒருவர். “வருமானம் வாடகைக்கே போய்விடும்” என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான். ஆனால் குடும்பத்தின் எதிர்காலத்தைக் கேள்விப்பட்ட பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா? அரசு எடுக்கும் கணக்குகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவற்றை எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் எச்சரிக்கையாக இருப்பது என்பதே இந்தப் பாடம்.

ஆறாம் இடம் என்பதன் பொருள்

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021 மார்ச்சில் 111 நகரங்களை வாழ்வதற்கு எளிதானவை என்ற முறையில் வரிசைப்படுத்தி வெளியிட்டது. 10 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் நகரங்களில் சிம்லா முதலிடம் பெற்றது. சேலம் 5, வேலூர் 6, திருச்சி 10 ஆகிய இடங்களைப் பெற்றன.

இந்த மதிப்பெண் எப்படி வந்தது? மொத்தம் 100. அதில் கல்வி, மருத்துவம், வீடு, போக்குவரத்து போன்ற வாழ்க்கைத் தரத்துக்கு 35, பொருளாதாரத்துக்கு 15, சுற்றுச்சூழல் உள்ளிட்டவற்றுக்கு 20, மக்களிடம் கேட்ட கருத்துக்கு 30. பிழைப்புத் தேடிப் போகும் குடும்பத்துக்கு வருமானம்தான் முதல் கேள்வி. பட்டியலிலோ அதற்குக் கிடைத்த பங்கு மிகச் சிறியது.

பங்கு மாறினால் வரிசையும் மாறும். ஓர் உதாரணம் பார்ப்போம். முதல் ஊருக்கு வருமானத்தில் 80, பள்ளி வசதியில் 50. இரண்டாவது ஊருக்கு வருமானத்தில் 50, பள்ளியில் 70. இரண்டுக்கும் சம பங்கு கொடுத்தால் முதல் ஊர் 65, இரண்டாவது 60. முதல் ஊரே முந்துகிறது. பள்ளிக்கு முக்கால் பங்கும் வருமானத்துக்குக் கால் பங்கும் கொடுத்தால் முதல் ஊர் 57.5, இரண்டாவது 65. ஊர்கள் மாறவில்லை, நாம் எதைப் பெரிதாக எண்ணினோம் என்பதுதான் மாறியது. ஆகவே எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், “எதற்கு எவ்வளவு பங்கு?” என்று முதலில் கேளுங்கள்.

அந்த 111-இல் ஆரணி இல்லை. ஊராட்சியான நம் ஊருக்கு அதில் இடமே கிடையாது. நமக்கு வேறு கணக்குகள்தான் வழி.

‘எழுத்தறிவு’ எதைச் சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் 74 சதவீதம். ஆண்களில் 83, பெண்களில் 65. நம் மாவட்டத்தின் குறை எங்கே இருக்கிறது என்பதை இந்த 18 சதவீத இடைவெளி காட்டிவிடுகிறது.

கணக்கெடுப்பின் அளவுகோலையும் அறிந்துகொள்ள வேண்டும். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர், ஏதாவது ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் எழுத்தறிவு பெற்றவர். உருதுவில் கடிதம் எழுதத் தெரிந்த நம் நன்னிமா இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். ஆனால் வங்கியில் தமிழ் விண்ணப்பத்தை நிரப்ப அவருக்கு இன்னொருவர் துணை வேண்டும். பள்ளியில் எத்தனை ஆண்டு படித்தார் என்பதையும் இந்த எண் சொல்லாது.

இன்னொன்று, அந்தக் கணக்கு பழையது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2011-இல் கைக்குழந்தையாக எண்ணப்பட்ட பெண்பிள்ளை இன்று பத்தாம் வகுப்பு வயதை எட்டிவிட்டாள்.

சராசரிக்குள் மறையும் வீடுகள்

ஒரு தெருவில் பத்து வீடுகள். ஒன்பது வீடுகளுக்கு மாதம் 8,000 ரூபாய். ஒரு வீட்டுக்கு 1,28,000 ரூபாய். சராசரி 20,000! அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கும் 20,000 ரூபாய் வருமானம் கிடையாது. உதவி தேவைப்படும் ஒன்பது வீடுகளும் சராசரிக்குள் மறைந்துவிட்டன.

2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு இப்படிச் சராசரியோடு நிற்காமல், எத்தனை குடும்பங்கள் எந்த வருமானத்தில் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டியது. நெசவாளர் குடும்பங்களில் சுமார் 66 சதவீதத்தின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. பட்டுப்புடவையின் விலையைப் பார்த்து நெசவாளியின் வீட்டை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2006-இல் வெளியான சச்சார் குழு அறிக்கை நம் சமுதாயத்தின் நிலையைப் பொதுக் கணக்குகளைக் கொண்டே எடைபோட்டது. 2001 கணக்குப்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 சதவீதம், முஸ்லிம்களிடையே 59.1. தமிழ்நாட்டிலோ முஸ்லிம்களின் எழுத்தறிவு மாநில சராசரியைவிட அதிகமாக இருந்தது. நாட்டின் எண் மாநிலத்துக்குப் பொருந்தவில்லை. அதுபோல, மாநிலத்தின் எண் நம் மஹல்லாவுக்குப் பொருந்தும் என்று நம்பிவிட முடியாது.

நம் மஹல்லாவின் கணக்கு

மீதியை நாமே எண்ண வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து கேள்விகள் போதும்:

1. 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளில் பள்ளிக்குப் போகாதவர் யார்? எந்த வகுப்போடு நின்றார், ஏன்?
2. நல்ல மாதத்தில் வருமானம் எவ்வளவு, மந்தமான மாதத்தில் எவ்வளவு?
3. வட்டிக்கடன் உண்டா?
4. இரவில் பிரசவ வலி வந்தால் மருத்துவமனை சேர எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு?
5. குடும்ப அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை, முதியோர் அல்லது விதவை உதவித்தொகை கிடைக்கிறதா?

ஜகாத், கல்வி உதவி முதலில் யாருக்குச் சேர வேண்டும் என்பதை இந்தப் பதில்களே சொல்லும். கையேந்திக் கேட்பவர் நம் கண்ணில் படுவார். கேட்கக் கூச்சப்பட்டு மகளின் படிப்பை நிறுத்தியவரைக் கணக்குதான் காட்டிக் கொடுக்கும். ஊரைவிட்டுப் போவதா என்ற கேள்விக்கும் இதில் விடை உண்டு. குறை பள்ளிக்குப் போகும் பஸ்தான் என்றால், அதைக் கேட்டு ஊராட்சியின் கிராம சபையில் மனு கொடுக்கலாம். வீட்டையே காலி செய்ய வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. வீட்டு விவரம் ஓர் அமானிதம். பெயரும் வருமானமும் கடைத்தெருப் பேச்சாகக் கூடாது. எண்ணிக்கையை மட்டுமே வெளியில் சொல்ல வேண்டும்.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம்களைக் கணக்கெடுத்து எழுதச் சொன்னார்கள். 1,500 பேர் எழுதப்பட்டார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. எண்ணி அறிவது நமக்குப் புதிதல்ல. அடுத்த அரசுக் கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வரும்போது, வீட்டுப் பெண்களின் படிப்பையும் தொழிலையும் விட்டுவிடாமல் சரியாகச் சொல்லுங்கள். வீட்டிலிருந்தபடி நூல் சுற்றும், தார் போடும் பெண்ணை “சும்மா இருக்கிறார்” என்று சொன்னால், அவருடைய உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது.

நம் ஊரின் நிலையை உள்ளபடி அறியவும், அறிந்ததைக் கொண்டு எளியோருக்கு உதவவும் அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.