பிலிம் கேமராவிலிருந்து டிஜிட்டலுக்கு: ஃபோகஸை யார் முடிவு செய்வது?

பல வருடங்கள் பிலிம் கேமராவில் கையால் ஃபோகஸ் செய்து பழகியவன் நான். முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமரா வாங்கிய தை மாதம், தஞ்சாவூர் பக்கத்தில் எங்கள் வயலில் சம்பா முற்றி நின்றது. மறுநாள் அறுவடை. கதிர்களுக்கு நடுவே அப்பாவை நிறுத்தி 40 படங்கள் எடுத்தேன். கேமராவின் சிறிய திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தன. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. எல்லாப் படத்திலும் முன்னால் இருந்த நெற்கதிர் தெளிவாக இருந்தது, அப்பாவின் முகம் மங்கலாக இருந்தது. "என்னடா, என்னை எடுக்கச் சொன்னா நெல்லை எடுத்துட்டு வந்திருக்கே?" என்று சிரித்தார் அப்பா. காலையில் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிவிட்டது. அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

கேமராவில் கோளாறு இல்லை. எதன் மீது ஃபோகஸ் செய்ய வேண்டும் என்று நான் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டரும் டிஜிட்டல் கேமராவும் புதிதாக வாங்கியவர்களுக்கு இதே தவறு நேராமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

பழைய வட்டமும் புதிய சென்சாரும்

பல பிலிம் எஸ்எல்ஆர் கேமராக்களின் வியூஃபைண்டர் நடுவில் ஒரு சிறிய வட்டம் இருக்கும். ஃபோகஸ் சரியில்லை என்றால் அதற்குள் தெரியும் கோடு இரண்டாக உடைந்து நிற்கும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இரண்டு துண்டும் ஒன்று சேரும். லென்ஸின் ஒரு பக்கம் வழியாக வரும் ஒளியையும் மறுபக்கம் வழியாக வரும் ஒளியையும் ஒப்பிட்டுக் காட்டுவதுதான் அந்த வட்டத்தின் வேலை.

டிஜிட்டல் எஸ்எல்ஆரின் ஆட்டோ ஃபோகஸ் சென்சாரும் இதே ஒப்பீட்டைத்தான் செய்கிறது. இதற்கு ஃபேஸ் டிடெக்‌ஷன் என்று பெயர். நீங்கள் கண்ணால் பார்த்துக் கையால் திருப்பியதை இங்கே சென்சார் பார்க்கிறது, மோட்டார் திருப்புகிறது. 1985இல் வந்த மினோல்டா 7000 கேமராதான் சென்சார், மோட்டார் இரண்டையும் கேமராவுக்குள்ளேயே வைத்து விற்பனையில் பெரிய வெற்றி கண்டது.

வெள்ளைச் சுவரில் பழைய வட்டம் உதவாது, சேர்த்துப் பார்க்கக் கோடு இருக்காது. ஆட்டோ ஃபோகஸுக்கும் அதே கதிதான். மார்கழிப் பனி மூடிய வயலை நோக்கி ஷட்டரை அழுத்தினால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவிக்கும். அப்போது ஏறக்குறைய அதே தூரத்தில் உள்ள தென்னை மரத்தண்டு அல்லது வரப்பு ஓரத்தைக் காட்டுங்கள், உடனே பிடித்துக்கொள்ளும்.

பழகிப் பார்க்க நல்ல இடம் பெரிய கோயில். 1010இல் முதலாம் ராஜராஜன் கட்டி முடித்த விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டு வரிகளில் ஆட்டோ ஃபோகஸுக்குத் தேவையான கோடுகள் நிறைய உண்டு. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர் 1858இல் இந்தக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, ஒரே நீளப் படமாக இணைத்தார்.

செய்ய வேண்டியவை

1. ஃபோகஸ் ஏரியாவை ஆட்டோவில் விடாதீர்கள். ஆட்டோவில் பெரும்பாலும் மிக அருகில் இருக்கும் பொருளையே கேமரா தேர்ந்தெடுக்கும். என் படங்களில் கதிர் தெளிவானது இதனால்தான். மெனுவில் ஒற்றைப் புள்ளியைத் தேர்வு செய்யுங்கள்.

2. அசையாமல் நிற்பவர்களுக்கு சிங்கிள் ஃபோகஸ் போதும். அறுவடை முடிந்த வயலில் ஓடும் வாத்துக் கூட்டத்துக்குத் தொடர் ஃபோகஸ் வேண்டும்.

3. சிங்கிள் ஃபோகஸில் புள்ளியை முகத்தில், முக்கியமாகக் கண்ணில் வைத்து ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துங்கள். பச்சைப் புள்ளி நிலையாக எரிந்ததும் விரலை எடுக்காமல் படத்தை அமைத்து, முழுவதும் அழுத்துங்கள். இடையில் முன்னாலோ பின்னாலோ நகரக் கூடாது.

4. காற்றில் கதிர் ஆடிக் குறுக்கே வந்தால் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி வளையத்தைத் திருப்புங்கள். பழைய பழக்கம் இங்கே கை கொடுக்கும்.

5. எடுத்த இடத்திலேயே திரையில் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கண்ணாடி இல்லாத புதிய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில், கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி உண்டு. இருந்தால் அதை ஆன் செய்துகொள்ளுங்கள். ஆனால் கூட்டத்தில் யாருடைய கண் என்பதை அப்போதும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பழைய லென்ஸ் இருக்கிறதா?

பழைய டிஜிட்டல் கேமரா வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். நிக்கான் டி40, டி60 போன்ற மாடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸிலேயே மோட்டார் இருந்தால்தான் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும். கையால் ஃபோகஸ் செய்யும் பழைய நிக்கான் லென்ஸை இவற்றில் பொருத்தினால் ஒளி அளவு காட்டும் மீட்டரும் இயங்காது. எம் நிலையில் வைத்து, நீங்களே கணக்கிட்டு எடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் சோதனை

மெமரி கார்டிலிருந்து படங்களைத் தேதியிட்ட போல்டரில் காப்பி செய்யுங்கள். படத்தைத் திறந்து, கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பிளஸ் கீயைத் தட்டிப் பெரிதாக்குங்கள். முகம் மங்கலாக இருந்து வேறு ஏதாவது தெளிவாக இருந்தால் தவறு ஃபோகஸில். எதுவுமே தெளிவாக இல்லை என்றால் கை ஆடியிருக்க வாய்ப்பு அதிகம். அதை உறுதி செய்ய ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் என்று செல்லுங்கள். ஷட்டர் வேகம் 1/15 நொடி என்றிருந்தால் காரணம் புரிந்துவிடும். பிலிம் காலத்தில் இதையெல்லாம் நோட்டில் எழுதி வைப்போம், இப்போது படத்துடனேயே பதிவாகிறது. இந்தச் சோதனை முடியும் வரை, இன்னொரு காப்பி எடுத்து வைக்கும் வரை, கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.

அடுத்த தையில் அதே வரப்பில் அப்பாவை நிறுத்தினேன். ஒற்றைப் புள்ளி கண்ணில், பாதி அழுத்தல், பெரிதாக்கிச் சரிபார்த்தல். மொத்தம் நான்கே படங்கள். அதில் ஒன்று இப்போது வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நீங்களும் நாளை காலையில் வீட்டில் ஒருவரைச் செடிக்குப் பின்னால் நிறுத்தி இப்படிப் பழகிப் பாருங்கள்.