விதி மயங்கும் இடங்கள்: சிஸ்டம்வெரிலாக் இடைமுகங்களையும் அசர்ஷன்களையும் பிழையறப் படிக்க ஒரு வழிகாட்டி

சில்லு வடிவமைப்புகளைச் சரிபார்க்க இன்று பெரிதும் பயன்படும் சிஸ்டம்வெரிலாக் மொழியை வரையறுப்பது ஐஇஇஇ 1800 என்னும் தரநிலையாகும். 2005-இல் முதன்முதலாக வெளிவந்த அத்தரநிலை, 2009-இல் பழைய வெரிலாக் தரநிலையைத் தன்னுள் இணைத்துக்கொண்டு, பின்னர் 2012, 2017, 2023 ஆகிய பதிப்புகளாகத் திருத்தம் பெற்றது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் இந்நூலில் சரிபார்ப்புப் பொறியாளரை மிகுதியாகத் தடுமாற வைப்பவை, சிக்னல்களை ஒரே கட்டாகத் தொகுத்து மாட்யூல்களுக்கிடையே கடத்தும் இடைமுகங்கள் பற்றிய விதிகளும், வடிவமைப்பு நடந்துகொள்ள வேண்டிய முறையை வாக்கியமாக எழுதி ஓட்டத்தின்போது சோதிக்கும் அசர்ஷன்கள் பற்றிய விதிகளும் ஆகும். ஒரே நிரல் ஒரு சிமுலேட்டரில் தேறி மற்றொன்றில் தவறும்போது, விதியே தெளிவாக இல்லை என்று முடிவுகட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் அத்தகைய வழக்குகளைப் பிரித்துப் பார்த்தால், எந்தக் கணத்தில் நின்று எந்த மதிப்பு படிக்கப்படுகிறது என்ற கேள்வி கேட்கப்படாமல் விடப்பட்டதே பெரும்பாலானவற்றின் வேராக இருப்பது தெரியவரும். அக்கேள்வியை ஒழுங்காகக் கேட்பதற்கான படிகள் இங்கே தரப்படுகின்றன.

முதற்படி, பதிப்பை உறுதிசெய்வதாகும். ஒரு தொடர்நிகழ்வு வலுவானதா, வலுவற்றதா என்று குறிக்கும் சொற்கள் 2009 பதிப்பில்தான் மொழிக்குள் வந்தன; நேரக்கூறின் (இது மூன்றாம் படியில் விளக்கப்படும்) இறுதிவரை காத்திருந்து தீர்ப்பளிக்கும் ஃபைனல் வகை அசர்ஷன் 2012-இல் சேர்ந்தது. ஆகவே பழைய பாடநூல் ஒன்றின் கூற்றையும் புதிய கருவியின் நடத்தையையும் ஒப்பிட்டு முரண்பாடு கண்டதாகக் கருதுவதற்கு முன், கருவி எந்தப் பதிப்பைப் பின்பற்றுமாறு இயக்கப்படுகிறது என்று பார்ப்பது கட்டாயம். தரநிலையின் முழு உரையும் அக்செலெரா அமைப்பின் ஆதரவால் கட்டணமின்றிக் கிடைப்பதால், இரண்டாங்கை விளக்கங்களை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை.

இரண்டாம் படியில், ஐயத்துக்குரிய பகுதியை ஓர் இடைமுகம், ஒரு கிளாக், ஓர் அசர்ஷன் என்ற அளவுக்குச் சுருக்கிக்கொள்ள வேண்டும். சுருக்கும்போதே சிக்கல் மறைந்துவிட்டால், நீக்கிய பகுதியில்தான் காரணம் இருந்தது என்பது தெளிவாகும்.

மூன்றாம் படியே இம்முறையின் உயிர்நாடி. சிமுலேட்டர் ஒவ்வொரு நேரக்கூறையும், அதாவது சிமுலேஷன் கடிகாரம் நகராமல் நிற்கும் ஒவ்வொரு கணத்தையும், பல பகுதிகளாகப் பிரித்து ஓட்டுகிறது. அக்கணத்தில் எதுவும் மாறுவதற்கு முந்தைய மதிப்புகள் ப்ரீபோன்ட் பகுதிக்கு உரியவை. வடிவமைப்பின் சாதாரணக் கட்டளைகள் ஆக்டிவ் பகுதியில் ஓடுகின்றன. நான்-பிளாக்கிங் முறையில் தரப்பட்ட மதிப்புகள் அதற்குப் பின்னர் வரும் என்பிஏ பகுதியில் சிக்னல்களில் ஏறுகின்றன. கிளாக்கைச் சார்ந்த அசர்ஷன்கள் அப்சர்வ்ட் பகுதியில் மதிப்பிடப்படுகின்றன. அவற்றின் வெற்றி தோல்விக்கேற்ப ஓடும் செயற்கட்டளைகள் ரியாக்டிவ் பகுதியைச் சேர்ந்தவை. அசர்ஷன் மதிப்பிடப்படுவது அப்சர்வ்ட் பகுதியில் என்றாலும், அது எடுத்துக்கொள்ளும் மதிப்புகள் ப்ரீபோன்ட் பகுதியில் மாதிரி எடுக்கப்பட்டவை என்பதை மறந்தால் இதற்குப் பின்வரும் எதுவும் விளங்காது.

ஓர் எடுத்துக்காட்டை அருகிலிருந்து பார்க்கலாம். கிளாக்கின் ஏறுவிளிம்பு 10, 20, 30, 40 நானோவினாடிகளில் வருகிறது. வடிவமைப்பு மிக எளிது: ஒவ்வொரு ஏறுவிளிம்பிலும் கோரிக்கை என்ற சிக்னலைப் படித்து, அம்மதிப்பை நான்-பிளாக்கிங் முறையில் ஏற்பு என்ற சிக்னலுக்குத் தருகிறது. ஒரு விளிம்பில் கோரிக்கை 1 எனில் அடுத்த விளிம்பில் ஏற்பு 1 ஆக வேண்டும் என்று, அடுத்த சுற்றைக் குறிக்கும் |=> குறியைக் கொண்டு அசர்ஷன் எழுதப்பட்டிருக்கிறது. சோதனைத்தளமோ கோரிக்கையை 20-ஆம் நானோவினாடியில் கிளாக் விளிம்பிலேயே பிளாக்கிங் முறையில் 1 ஆக்கி, 30-இல் அதேபோல் 0 ஆக்குகிறது. இப்போது 20-இல் ஆக்டிவ் பகுதிக்குள் இரண்டு நிகழ்வுகள் போட்டியிடுகின்றன: சோதனைத்தளம் எழுதுவதும் வடிவமைப்பு படிப்பதும். எது முதலில் நடக்க வேண்டும் என்று தரநிலை வரிசை விதிக்கவில்லை. வடிவமைப்பு முதலில் படித்தால் 20-இல் 0-ஐயும் 30-இல் 1-ஐயும் காணும்; ஏற்பு 30 முதல் 40 வரை 1 ஆக நிற்கும். சோதனைத்தளம் முதலில் எழுதினால் வடிவமைப்பு 20-இல் 1-ஐயும் 30-இல் 0-ஐயும் காணும். ஏற்பு 20 முதல் 30 வரை மட்டுமே 1 ஆகும். அசர்ஷனின் பார்வை இவ்விரு நிலைகளிலும் மாறுவதில்லை: அதன் மாதிரிப்படி கோரிக்கை 20-இல் 0, 30-இல் 1, ஆகவே 40-இல் ஏற்பு 1 ஆக இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. முதல் நிலையில் அசர்ஷன் தேறுகிறது, இரண்டாவதில் தவறுகிறது. இரண்டு சிமுலேட்டர்களும் விதிப்படியே நடந்துள்ளன. அசர்ஷனும் சரியாகவே தீர்ப்பளித்துள்ளது. குற்றம் சோதனைத்தளத்தின் எழுத்துமுறையில் இருக்கிறது.

நான்காம் படி, அசர்ஷனுக்குள் வரும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அது மாதிரி மதிப்பா, நடப்பு மதிப்பா என்று குறித்துக்கொள்வதாகும். உறவை விவரிக்கும் கோவைகளில் வரும் சாதாரணச் சிக்னல்கள் மாதிரி மதிப்புகளைத் தருகின்றன. கிளாக்கைக் குறிக்கும் கோவை நடப்பு மதிப்பைப் பயன்படுத்துகிறது; எனவே ஒரே சிக்னல் கிளாக் கோவையிலும் உள்ளே சோதனைக் கோவையிலும் வந்தால், அவ்விரு இடங்களிலும் அதன் மதிப்பு வேறுபடலாம். ஆட்டோமேட்டிக் வகை மாறிகளும் அசர்ஷனுக்குள்ளேயே அறிவிக்கப்படும் உள்மாறிகளும் நடப்பு மதிப்பையே தருகின்றன. தோல்விச் செய்தியை அச்சிடும் கட்டளை ரியாக்டிவ் பகுதியில் ஓடுவதால், அது அச்சிடும் சிக்னல் மதிப்பு அசர்ஷன் கண்ட மதிப்பாக இருக்க வேண்டியதில்லை. கோரிக்கை 1 என்பதால் எழுந்த தோல்வியின் செய்தியில் கோரிக்கை 0 என்று அச்சாவதைக் கண்டு கருவியை ஐயுறுவோர் பலர். $சாம்பிள்ட் என்னும் செயற்கூறைக் கொண்டு அச்சிட்டால் இக்குழப்பம் எழாது.

ரீசெட்டின்போது அசர்ஷனை நிறுத்தி வைக்கும் டிஸேபிள் இஃப் கூற்றுக்குத் தனிக் கவனம் தேவை. அதனுள் வரும் நிபந்தனை மாதிரி எடுக்கப்படாமல் நடப்பு மதிப்பாகவே கண்காணிக்கப்படுகிறது. மதிப்பீடு தொடங்கும் கணத்தின் அப்சர்வ்ட் பகுதி முதல் அது முடியும் கணம் வரை எப்போதாவது அந்நிபந்தனை உண்மையானால், அம்மதிப்பீடு வெற்றியுமின்றித் தோல்வியுமின்றிக் கைவிடப்படுகிறது. 0 நிலையில் செயல்படும் ரீசெட் ஒன்று, கிளாக் விளிம்பு வரும் 50-ஆம் நானோவினாடியிலேயே நான்-பிளாக்கிங் முறையில் 1 ஆக விடுவிக்கப்படுவதாகக் கொள்க. அப்சர்வ்ட் பகுதி வருவதற்குள் என்பிஏ பகுதி முடிந்துவிடுவதால் நிறுத்த நிபந்தனை நீங்கியிருக்கும்; எனவே 50-இலேயே ஒரு மதிப்பீடு தொடங்கும், ஆனால் அது படிப்பவை ரீசெட்டுக்குள் இருந்த காலத்துச் சிக்னல் மதிப்புகள். மாறாக, ரீசெட் விடுபட்டிருக்க வேண்டும் என்பதை முன்நிபந்தனையாக எழுதினால், அதன் மாதிரி மதிப்பு 50-இல் இன்னும் 0 என்பதால் உண்மையான சோதனை 60-இல்தான் தொடங்கும். இவ்விரு எழுத்துமுறைகளும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. மேலும், இரண்டு விளிம்புகளுக்கு இடையே தோன்றி மறையும் ஒரு சிறு ரீசெட் துடிப்புகூட, நடந்துகொண்டிருக்கும் மதிப்பீடுகளை முதல் வகையில் கலைத்துவிடும். இரண்டாம் வகையில் அது கண்ணிலேயே படாது.

முதல் விளிம்பும் இவ்வாறே ஏமாற்றக்கூடியது. ஆரம்ப மதிப்பு தரப்படாத லாஜிக் வகைச் சிக்னலுக்கு முந்தைய மதிப்பு எக்ஸ் எனக் கொள்ளப்படுவதால், முதல் விளிம்பிலேயே 1 ஆக இருக்கும் சிக்னலை $ரோஸ் செயற்கூறு உயர்ந்ததாகவே எண்ணும்.

ஐந்தாம் படியில் கிளாக்கிங் பிளாக்கைச் சரிபார்க்க வேண்டும். ஒரு கிளாக்கைச் சார்ந்த சிக்னல்களை எப்போது படிக்க வேண்டும், எப்போது செலுத்த வேண்டும் என்று ஓரிடத்தில் அறிவிக்கும் இவ்வமைப்பு, வேறு குறிப்பு இல்லாதபோது உள்ளீடுகளை விளிம்புக்குச் சற்று முந்தைய மதிப்பாகப் படிக்கிறது. வெளியீடுகளை அதே கணத்தின் ரீ-என்பிஏ பகுதியில், அதாவது வடிவமைப்பு அவ்விளிம்புக்குரிய வாசிப்பை முடித்த பின்னர், செலுத்துகிறது. மேலே கண்ட கோரிக்கையை இதன் வழியே செலுத்தினால் வடிவமைப்பு 20-இல் எப்போதும் 0-ஐயே காணும், போட்டி ஒழிந்துவிடும். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கிளாக் விளிம்புக்காக நேரடியாகக் காத்திருந்துவிட்டு உடனே கிளாக்கிங் பிளாக்கின் உள்ளீட்டைப் படித்தால், அது புதுப்பிக்கப்பட்ட மதிப்பா, பழைய மதிப்பா என்பதற்கு உறுதியில்லை. கிளாக்கிங் பிளாக்கின் பெயரையே நிகழ்வாகக் கொண்டு காத்திருந்தால், புதுப்பித்த பின்னரே அந்நிகழ்வு எழுப்பப்படும் என்று தரநிலை உறுதியளிக்கிறது. ஆதலால் ஒரு கோப்புக்குள் இவ்விரு காத்திருப்பு முறைகளையும் கலப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

ஆறாம் படி இடைமுகத்தின் அணுகல் விதிகளைப் பற்றியது. மாட்போர்ட் என்பது ஒரே இடைமுகத்தை ஒவ்வொரு தரப்பும் எந்தத் திசையில் பார்க்கலாம் என்று வரையும் பட்டியல். அதை மாட்யூலின் தலைப்பிலும் குறிக்கலாம், இணைக்கும் இடத்திலும் குறிக்கலாம். இரண்டிலும் குறித்தால் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். எங்குமே குறிக்காவிட்டால் நெட் வகைச் சிக்னல்கள் இருதிசையாகவும், மாறிகள் நேர்ச்சுட்டாகவும் திறந்துவிடப்படுகின்றன. அப்போது எந்தத் தரப்பும் எந்த மாறியிலும் எழுத இடமிருக்கும் என்பதால், குறிக்காமல் விடுவதைக் குறையாகவே கருத வேண்டும். மாட்போர்ட் ஒரு பூட்டு என்று நம்புவதும் தவறு. போர்ட் வழியாகவோ மெய்நிகர் இடைமுகம் வழியாகவோ வரும் அணுகலை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. படிநிலைப் பெயரால் நேரே சுட்டினால் இடைமுகத்தின் எப்பொருளையும் அடையலாம். மாட்போர்ட்டில் பட்டியலிட இயலாத பொருள்களும் அணுகத்தக்கவையாகவே தொடர்கின்றன. கிளாஸ் ஒன்றிலிருந்து மெய்நிகர் இடைமுகத்தின் நெட்டுக்கு நேரடியாக மதிப்புத் தர இயலாது என்பதால், அங்கும் கிளாக்கிங் பிளாக் ஒரு வழி.

ஏழாம் படி, நேரம் பற்றிய ஐயங்கள் தீர்ந்த பின் தர்க்கத்தைப் படிப்பதாகும். ஒன்று முதல் மூன்று சுற்றுகளுக்குள் தயார்நிலை வரும் என்ற வீச்சு முன்நிபந்தனையில் இருந்தால், அது பொருந்தும் ஒவ்வொரு சுற்றுக்கும் பின்விளைவு நிறைவேற வேண்டும். அதே வீச்சு பின்விளைவில் இருந்தால் ஏதேனும் ஒரு பொருத்தம் போதும். முதற்பொருத்தம் மட்டுமே கருதப்பட வேண்டுமெனில் ஃபர்ஸ்ட்-மேட்ச் என்று எழுதியாக வேண்டும். முன்நிபந்தனையே நிகழாதபோது அசர்ஷன் வெற்றுவெற்றி பெறுகிறது. அதை முடக்காத வரை வெற்றிக்குரிய செயற்கட்டளை அப்போதும் ஓடுமாதலால், அக்கட்டளையில் எண்ணிக்கை வைப்போர் பொய்க்கணக்கைப் பெறுவர். முன்நிபந்தனை உண்மையில் நிகழ்ந்ததைக் காட்ட, ஒவ்வோர் அசர்ஷனுக்கும் பக்கத்தில் ஒரு கவர் கூற்று எழுதுவதே நம்பத்தக்க வழி. எல்லையற்ற காத்திருப்பு பின்விளைவில் வந்தால், அசர்ட் கூற்றில் அது வலுவற்றதாகவே கொள்ளப்படும். ஏற்பு ஒருபோதும் வராமல் சிமுலேஷன் முடிந்தாலும் தோல்வி பதிவாகாது. வந்தே தீர வேண்டும் என்பது கருத்தாயின் ஸ்ட்ராங் என்ற சொல்லால் அதை வெளிப்படையாகக் கூற வேண்டும். கால எல்லை தெரிந்திருந்தால் அவ்வெல்லையை எண்ணாகவே எழுதுவது இன்னும் மேல்.

இத்தனை படிகளுக்குப் பின்னும் ஒரு விதி இருபொருள் தருமாயின், சுருக்கிய நிரலைக் குறைந்தது இரண்டு சிமுலேட்டர்களில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அவற்றின் ஒற்றுமையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் அடுத்த வெளியீட்டில் எந்தக் கருவியும் தன் வாசிப்பை மாற்றிக்கொள்ள முழு உரிமை உடையது. அவ்விதியின் எந்தப் பொருளைக் கொண்டாலும் ஒரே விளைவு வருமாறு நிரலைத் திருத்தி எழுதி, அத்திருத்தத்தைக் குழுவின் நிரல் எழுதும் நெறிமுறையில் தரநிலையின் பதிப்பு, பிரிவு எண் ஆகியவற்றோடு பதிவுசெய்து, சுருக்கிய சோதனை நிரலையும் அதனுடன் சேர்த்து வைக்க வேண்டும். கருவியின் புதிய வெளியீடு வரும்போதெல்லாம் முதலில் ஓட்ட வேண்டியது அந்நிரலையே.